குற்றத் துப்பும் உளநூலும்

1940ஆம் ஆண்டு நவம்பரில் நியூயோர்க் நகரின் மின்சாரக் கம்பெனிக் கட்டடமொன்றில் வெடிக்காத குண்டொன்று அகப்பட்டது. யுத்தகாலத்தில் ஓய்ந்திருந்த அக்கொடுமை 1951இல் மீண்டும் தலைதூக்கிற்று. புகையிரத நிலையத்திலும் படமாளிகையிலும் குண்டுகள் வெடித்தன. 15 பேர் காயமுற்றனர். குற்றவாளி யாரென்பது மட்டும் புலப்படவில்லை.

1956இல் பொலிசார் உளநோய் மருத்துவர் ஜேம்ஸ் புறூசெலை நாடினர். குண்டு வைத்தோன் எழுதிய கடிதங்களை ஆராய்ந்த அவர், அவன் நடுவயதினன், ஒழுங்கிற் பற்றுடையவன், கம்பெனிமீது தீராப் பகை கொண்டவன் எனக் கணித்தார். கணிப்பைப் பத்திரிகைகளில் வெளியிடும்படியும் கூறினார்.

பின்னர்ப் பத்திரிகையொன்று விடுத்த அழைப்புக்கு அவன் மறுமொழி வரைந்தான். தொழிலிடத்தில் தனக்கு நேர்ந்த காயத்தையும், நட்டஈடு கிட்டாமையையும் சொல்லிப் புலம்பினான். அக்கடிதச் சொற்கள் கம்பெனியின் பழைய கோப்பொன்றிலும் இருந்தன. 1957 ஜனவரியில் ஜோர்ஜ் மெற்றெஸ்கி கைதானான்.

உளநூல் அவன் பெயரைக் கூறவில்லை. அவன் வாயைத் திறக்கும் வழியைக் காட்டிற்று. பெயரைத் தந்தது கோப்பு. கணிப்பு, சான்றைத் தேடும் திசையைக் காட்டலாம்; தானே சான்றாகிவிடாது. இவ்வேற்றுமையை மறந்தால், கணிப்புக்குப் பொருந்திய நிரபராதியும் சிறை புக நேரும்.