கட்டத்துள் அடங்கிய எழுத்து



சதுரக் கட்டங்கள் அச்சிட்ட கணக்குத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டேன். நீளத்தில் எட்டும் அகலத்தில் எட்டுமாகக் கட்டங்களை அளந்து வைத்தேன். ஒரு கட்டத்தை முழுவதும் கருக்கலாம், அல்லது வெறுமையாக விடலாம், பாதி கருக்கலாகாது. இவ்விதியின்படி ஆங்கில எழுத்துகளை வரையத் தொடங்கினேன். நேர்க்கோடுகளால் ஆகிய 'எச்' எளிதில் அமைந்தது. வளைந்து நெளியும் 'எஸ்' என்னை அரைமணி நேரம் அலைக்கழித்தது. ஒரு கட்டத்தை மிகுதியாகக் கருக்கினால் அஃது எட்டு என்னும் எண்ணாயிற்று. ஒன்றைக் குறைத்தால் ஐந்தாயிற்று. ஒரு புள்ளி எத்துணை வலிமை உடையது என்பதை அன்று உணர்ந்தேன்.

நான் விளையாட்டாகச் செய்த இவ்வேலையே ஒரு காலத்தில் கணிப்பொறி எழுத்தமைப்போரின் அன்றாடத் தொழிலாக இருந்தது. 1980ஆம் ஆண்டில் வெளிவந்த 'பேக்மேன்' என்னும் மின்னணு விளையாட்டில் எழுத்துகள் எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள்ளேயே அடங்கின. அடுத்த எழுத்தோடு ஒட்டாதிருக்க ஓரங்களில் இடம் விடவேண்டும். எனவே உண்மையில் கிடைத்த இடம் இன்னும் சிறிது. நினைவகத்தின் விலை மிகுதி. திரையின் புள்ளிகளோ குறைவு. இவ்வறுமையே அவ்வெழுத்துகளின் தாய் எனலாம்.

1984ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டோஷ் கணிப்பொறி வெளிவந்தது. அதன் திரையில் அகலத்தில் 512 புள்ளிகளும் உயரத்தில் 342 புள்ளிகளும் இருந்தன. ஒவ்வொரு புள்ளியும் கருமை அல்லது வெண்மை. இடைப்பட்ட நிறம் இல்லை. இத்திரைக்கு எழுத்துகளை அமைத்தவர் சூசன் கேர் என்னும் அம்மையார். கலை வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற அவர் பொறியியல் வல்லுநர் அல்லர். ஆயினும், சிறு சிறு துண்டுகளைச் சேர்த்து உருவம் சமைக்கும் பழங்கலைகளை அவர் அறிந்திருந்தார். கல் துண்டுகளைப் பதித்துச் செய்யும் ஓவியமும், துணியில் தையலிட்டுச் செய்யும் பூ வேலையும் இப்புள்ளிக் கலைக்கு உறவுடையவை அல்லவா?

அவர் அமைத்த எழுத்துகளுள் தலையாயது 'சிகாகோ'. இப்பெயருக்கும் ஒரு கதை உண்டு. கேரும் அவருடைய பள்ளித்தோழர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டும் பிலடெல்பியா நகரப் பகுதியைச் சேர்ந்தவர்கள். ஆதலின் அவ்வூர்ப் புறநகர் இரயில் நிலையங்களின் பெயர்களையே எழுத்துகளுக்கு இட்டனர். நகரப் பெயர் சூட்டுவதாயின் உலகப் புகழ்பெற்ற நகரங்களின் பெயர்களே வேண்டும் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். சிகாகோ, ஜெனீவா, நியூயார்க் ஆகிய பெயர்கள் அவ்வாறு வந்தவையே.

சிகாகோ எழுத்தின் நிமிர்ந்த கோடுகள் இரண்டு புள்ளி அகலம் உடையவை. இதற்குக் காரணம் அழகு மட்டுமன்று. அப்போது பயன்படாத கட்டளையை மங்கலாகக் காட்டவேண்டும். ஆனால் சாம்பல் நிறமோ இல்லை. என் செய்வது? ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளிகளை நீக்கினர். மெல்லிய எழுத்தாயின் சிதைந்திருக்கும். சிகாகோவோ பாதி உடலை இழந்தும் படிக்கத்தக்கதாய் நின்றது. மேலும், பழைய திரைகள் பலவற்றில் ஒல்லியான 'ஐ'க்கும் அகன்ற 'எம்'முக்கும் ஒரே அளவு இடமே அளிக்கப்பட்டது. சிகாகோவில் ஒவ்வோர் எழுத்தும் தனக்கு வேண்டிய இடத்தை மட்டும் கொண்டது. கணிப்பொறியைக் கண்டு அஞ்சிய எளிய மக்களுக்கு அத்திரை அச்சிட்ட தாள்போல் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே காலத்தில், பிராட்டிஸ்லாவா நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஸூஸானா லிச்கோ என்னும் அம்மையார் ஓக்லண்டு, எம்பரர் முதலிய புள்ளி எழுத்துகளை 1985ஆம் ஆண்டில் படைத்தார். இவற்றைக் கரடுமுரடானவை என்று எள்ளியவர்கள் உண்டு. அவர் கருத்து யாதெனில், படிப்பதற்கு எளிமை என்பது பெரும்பாலும் பழக்கத்தால் வருவது என்பதே. 2011ஆம் ஆண்டில் நியூயார்க் நவீனக் கலைக்கூடம் ஓக்லண்டைத் தன் சேமிப்பில் சேர்த்துக்கொண்டது.

சிகாகோ 1997ஆம் ஆண்டில் மெக்கின்டோஷ் திரையிலிருந்து ஓய்வு பெற்றது. அதன் காலம் முடிந்தது என்றே பலர் எண்ணியிருப்பர். 2001ஆம் ஆண்டில் 'ஐபாட்' என்னும் இசைக்கருவி வந்தது. அதன் சிறு திரைக்குத் தெளிவான எழுத்து வேண்டியிருந்தது. ஓய்வு பெற்ற முதியவரையே மீண்டும் பணிக்கு அழைத்தனர்!

இன்றைய திரைகளில் புள்ளி கண்ணுக்கே புலப்படுவதில்லை. எவ்வளைவையும் வழுவழுப்பாகக் காட்டலாம். ஆயினும் 'மைன்கிராஃப்ட்' போன்ற விளையாட்டுகளிலும் சுவரொட்டிகளிலும் புள்ளி எழுத்தை விரும்பி இடுகின்றனர். அன்று வேறு வழியில்லாமல் பிறந்தது, இன்று வேண்டுமென்றே தேர்ந்துகொள்ளப்படுகிறது. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. தலைப்புக்கும் சிறு குறிப்புக்கும் அது பொருந்தும். பக்கம் பக்கமாக அதில் அச்சிட்டால் கண் சோர்ந்துவிடும். பழமையின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, படிப்பவருக்குத் தெளிவு தரவேண்டும் என்னும் அதன் நோக்கத்தை மறப்பது நன்றன்று.

நண்பர்களே, நீங்களும் ஒரு கணக்குத்தாளில் நம் 'ழ'கரத்தைப் புள்ளிகளால் அமைத்துப் பாருங்கள். எப்புள்ளி இன்றியமையாதது, எப்புள்ளி வெறும் அணி என்பது விளங்கும். அவ்வாறு பிரித்தறியும் ஆற்றல் எழுத்துக்கு மட்டும் உரியதன்று, வாழ்க்கைக்கும் உரியது.