திருத்தங்களும் நம் உரிமைகளும்

நம் சங்கம் தோன்றியபோது இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. 1931இல்தான் சர்வசன வாக்குரிமை வந்தது. தொண்ணூறுகளில் கற்ற நாங்கள் 1972, 1978 அரசியலமைப்புகளைச் சமூகக்கல்வியும் வரலாறும் பாடத்தில் பரீட்சைக்காக மனனஞ் செய்தோம். 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியதன் பெறுமதியை, தனிச் சிங்களக் கடிதத்தை வாசிக்கவியலாத நோயாளர் எங்கள் மேசைக்கு வந்தபோது, மருத்துவரான நாங்கள் முழுமையாக உணர்ந்தோம்.

2015இன் பத்தொன்பதாந் திருத்தம் தகவலறியும் உரிமையைச் சேர்த்தது. நிர்வாகச் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றில் மனுச்செய்ய வேண்டும் என்கிறது 126ஆம் உறுப்புரை. அந்தக் காலவரையறை தெரியாதவருக்கு உரிமை ஏட்டுச் சுரைக்காயே.

இன்றைய மாணவியர் திருத்தங்களின் ஆண்டுகளோடு அவற்றைப் பயன்படுத்தும் வழியையும் கற்கவேண்டும். அதற்கு வகுப்பறை சென்று துணைநிற்பது பழைய மாணவியராகிய நம் கடன்.