சுவிஸ் போனால் மட்டுமே கிடைக்கும் ஒயின்... நம்ம ஊருக்கு ஏன் வருவதில்லை? எத்தனை பாட்டில் கொண்டு வரலாம்?

சுவிட்சர்லாந்து டூர் போய் வந்தவர்களின் பெட்டியைத் திறந்தால் சாக்லேட் இருக்கும். ஒரு சிவப்புக் கத்தி இருக்கும். ஃப்ரிட்ஜில் ஒட்ட பசுமாடு படம் போட்ட காந்தம் கண்டிப்பா இருக்கும். ஒயின் மட்டும் இருக்காது. அந்த நாட்டில் ஒயின் தயாரிக்கிறார்கள் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

தெரியாததில் ஆச்சரியமும் இல்லை. சுவிஸ் ஒயினில் 100 பாட்டிலுக்கு ஒன்றோ இரண்டோதான் நாட்டை விட்டு வெளியே போகிறது. மீதி எல்லாம் அங்கேயே காலி!

ஏன் ஏற்றுமதி செய்வதில்லை?

தரம் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். முதல் காரணம், விளைவதே கொஞ்சம். மொத்த நாட்டிலும் திராட்சைத் தோட்டங்களின் பரப்பு 15,000 ஹெக்டேருக்கும் குறைவு. சுவிஸ் மக்கள் ஓர் ஆண்டில் குடிக்கும் ஒயினில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் உள்ளூர்ச் சரக்கு. மற்றதை இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயினில் இருந்து வாங்குகிறார்கள். தங்களுக்கே பத்தாதபோது வெளியே அனுப்ப என்ன இருக்கும்?

இரண்டாவது காரணம் செலவு. பல தோட்டங்கள் செங்குத்தான மலைச்சரிவில் இருக்கின்றன. டிராக்டர் ஏறாது. கையால்தான் பறிக்க வேண்டும். பறித்த பழக் கூடைகளைக் கீழே இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் குட்டி வண்டி வைத்திருக்கிறார்கள். சுவிஸ் கூலிக்கு இப்படி விளைவித்ததை, வெளிநாட்டுக் கடையில் மலிவான ஒயினுக்குப் பக்கத்தில் வைத்தால் யார் வாங்குவார்கள்?

இந்தியாவில் இன்னொரு சுவர் உண்டு. இறக்குமதி ஒயினுக்கு நாம் போட்டுவந்த அடிப்படை வரி 150 சதவீதம். சுவிட்சர்லாந்தும் இடம்பெற்ற எஃப்டா நாடுகளுடனான வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்தது. அதன்படி ஒயின் வரி படிப்படியாகக் குறையும். ஆனாலும் அனுப்ப அவர்களிடம் சரக்கு வேண்டுமே! தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில்தான். 'ஒயின் ஷாப்' என்று பேச்சில் சொல்கிறோமே தவிர, அங்கே போய் ஒயின் கேட்பவர் குறைவு.

(ஒரு சின்ன ஞாபகம்: யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பற்றி புறநானூறு 56-வது பாடலே பேசுகிறது. 2,000 ஆண்டுக்கு முன்பு கடல் தாண்டி வந்த சரக்கு, இன்று விமானம் இருந்தும் வரவில்லை.)

லாவோ: மூன்று சூரியன் அடிக்கும் ஊர்

எங்கே போய்த் தேடுவது? முதல் முறை போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது லாவோ. லாவோஸ் நாடு இல்லை! ஜெனீவா ஏரியின் வடகரையில், லொசான் நகரைத் தாண்டி சுமார் 30 கிலோமீட்டருக்குப் படிக்கட்டு படிக்கட்டாக இறங்கும் திராட்சைத் தோட்டங்கள். துறவிகள் 11-ம் நூற்றாண்டு முதல் கல் அடுக்கிக் கட்டிய இந்தச் சுவர்களின் மொத்த நீளம் 400 கிலோமீட்டருக்கு மேல். 2007-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இங்கே கொடிக்கு மூன்று சூரியன் என்பார்கள். வானத்தில் ஒன்று, ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்புவது ஒன்று, பகலில் சூடாகி இரவில் வெப்பத்தை விடும் கல்சுவர் ஒன்று.

இந்த இடம் தப்பிப் பிழைத்ததே பெரிய கதை. ஏரியைப் பார்த்த மலைச்சரிவு என்றால் ரியல் எஸ்டேட்காரர்கள் சும்மா விடுவார்களா? 1970-களில் பங்களாக்கள் முளைக்கத் தொடங்கின. சுற்றுச்சூழல் போராளி ஃப்ரான்ஸ் வெபர் கையெழுத்து இயக்கம் நடத்தினார். 1977-ல் வோ மாகாண மக்கள் வாக்கெடுப்பில் 'லாவோவைக் காப்பாற்ற வேண்டும்' என்று தீர்ப்புச் சொன்னார்கள். அன்று முடிவு மாறியிருந்தால், தோட்டம் இருக்கும் இடத்தில் இன்று நீச்சல் குளம் இருந்திருக்கும்.

என்ன கேட்க வேண்டும்?

ஷாஸ்லா. இந்தப் பெயரை மட்டும் மனதில் வையுங்கள். வெள்ளைத் திராட்சை. பல நாடுகளில் இதைப் பழமாகவே சாப்பிட்டுவிடுகிறார்கள், இங்கே ஒயின். முதல் வாயில் 'என்னடா, ஒண்ணுமே இல்லையே' என்று தோன்றும். மணம் தூக்காது, புளிப்பும் குறைவு. இரண்டாவது வாயில்தான் அந்த லேசான ருசி பிடிபடும். ஏரி மீனுக்கும் உருகிய சீஸுக்கும் அப்படிப் பொருந்தும். டெசாலே என்று லேபிளில் இருந்தால் அது லாவோவின் உச்சம், விலையும் உச்சம்.

ரயிலில் இன்னும் கிழக்கே போனால் வலே மாகாணம். அங்கே அதே ஷாஸ்லாவுக்குப் பெயர் ஃபாந்தான். ஆனால் வலேயில் கேட்க வேண்டியது பெத்தித் ஆர்வின். குடித்து முடிக்கும்போது நாக்கில் மெல்லிய உப்பு தட்டும். சிவப்பு பிடிக்கும் என்றால் கொர்னாலான். தெற்கே டிசினோவில் மெர்லோ. மெர்லோ எங்கும் கிடைப்பதுதான், அதற்காகத் தனியாக அலைய வேண்டாம்.

ஹோட்டலில் முழு பாட்டில் சொல்லத் தேவையில்லை. 'ஒரு டெசி' என்று கேளுங்கள். 100 மில்லி வரும். ஒரே மாலையில் இரண்டு வகை பார்த்துவிடலாம். லாவோ கிராமங்களில் விவசாயிகளே முறை வைத்து நடத்தும் சுவைக் கூடங்கள் உண்டு, பெரும்பாலும் வார இறுதி மாலைகளில். ரிவா கிராமத்தில் உள்ள வினோராமா என்ற இடத்தில் இப்பகுதியின் 200-க்கும் மேற்பட்ட ஒயின்கள் ஒரே கூரையின் கீழ். லொசானில் இருந்து லோக்கல் ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கார் எடுக்காதீர்கள். அங்கேயும் குடித்துவிட்டு ஓட்டினால் பிடிப்பார்கள். இன்னொன்று, சுவிட்சர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கடைசி நாள் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த நாள் ஞாயிறாக இருந்தால் போச்சு.

எத்தனை பாட்டில்?

வரி இல்லாமல் ஒருவர் 2 லிட்டர் மதுவை இந்தியாவுக்குள் கொண்டு வரலாம். ஒயின் பாட்டில் 750 மில்லி. இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர். மூன்றாவது வைத்தால் 250 மில்லி அதிகம், சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். மது உடலுக்குக் கேடு என்பதை நாங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் விடமாட்டார்கள் என்பதால் பாட்டில் செக்-இன் பெட்டிக்குள்தான் போக வேண்டும். ஒயினில் ஆல்கஹால் 24 சதவீதத்துக்குக் கீழே இருப்பதால், விமான விதிப்படி எடை மட்டுமே கணக்கு. ஜீன்ஸ் பேன்ட்டின் ஒரு காலுக்குள் ஒரு பாட்டிலை நுழைத்துச் சுருட்டிப் பெட்டியின் நடுவில் வைத்தால் உடையாது. ஷாஸ்லா பாட்டில்கள் பலவற்றில் கார்க் இல்லை, திருகு மூடிதான். அது கார்க்கை விட மட்டம் என்று நினைக்காதீர்கள். கார்க்கின் நெடி இந்த மெல்லிய ஒயினைக் கெடுத்துவிடும் என்பதால், சுவிஸ்காரர்கள் பல காலம் முன்பே திருகு மூடிக்கு மாறிவிட்டார்கள்.

வீடு வந்ததும் பீரோ மேல் வைத்து அழகு பார்க்க வேண்டாம். நம்ம ஊர் மே மாத வெயிலை அந்த ஏரிக்கரைச் சரக்கு தாங்காது. ஃப்ரிட்ஜில் படுக்க வைத்து, சில மாதங்களுக்குள் திறந்துவிடுங்கள்.