மறதிநோயாளரைப் பராமரிக்கும் குடும்பத்தாரின் மன அழுத்தம்

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் கண்டவரை ஆண்டுக்கணக்கில் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மனைவி, மகள், மருமகள், மகன் ஆகியோருக்கு உடலிலும் மனத்திலும் வருமானத்திலும் உண்டாகும் பாதிப்புகளை இது குறிக்கும். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது.

பராமரிப்பவரை அதிகம் களைப்படையச் செய்வது மறதி அன்று. நோயாளி ராத்திரி முழுக்க உறங்காமல் நடமாடுவது, நகையைத் திருடிவிட்டதாக மருமகள் மேலேயே பழிசொல்வது, படுக்கையில் சிறுநீர் போய்விடுவது ஆகியவையே. தூக்கம் கெடுவதால் எரிச்சல், சோர்வு, மனச்சோர்வு தொடர்கின்றன. பராமரிப்பவர்கள் தம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடவே மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1995-இல் நடந்த சிறு ஆய்வொன்றில், மறதிநோயாளரைப் பராமரித்த பெண்களின் தோலில் ஏற்படுத்திய சிறு காயம் ஆற, மற்றவர்களைவிட ஏறத்தாழ 9 நாள் கூடுதலாக ஆனது. நோயுற்ற துணையைப் பராமரித்து, அதனால் உளைச்சலுக்கும் ஆளான முதியவர்களிடையே 4 ஆண்டுகளில் இறப்பு வாய்ப்பு 63 சதவீதம் மிகுந்திருந்ததை 1999-இல் மற்றோர் ஆய்வு காட்டியது. உளைச்சலின்றிப் பராமரித்தவர்களிடம் அந்த ஏற்றம் தெளிவாகத் தெரியவில்லை. ஆக, கேடு செய்வது உளைச்சல்தான் என்று கொள்ள இடமுண்டு.

கூட்டுக்குடும்பம் உள்ள நாட்டில் இச்சுமை பங்கிடப்பட்டுவிடும் என்ற எண்ணம் பரவலானது, ஆனால் பெரிதும் தவறானது. சென்னை, வேலூர் மையங்களும் பங்குபெற்ற, மறதிநோயை ஆராயும் பன்னாட்டு 10/66 ஆய்வுக்குழு, வளரும் நாடுகளிலும் பராமரிப்பாளரின் அழுத்தம் மேலைநாடுகளுக்கு இணையாகவே இருப்பதை 2004-இல் பதிவுசெய்தது. ஆள் கூடிய வீடுகளில் சுமை சற்றுக் குறைந்தது உண்மை. ஆனால் பலர் தம் வேலையைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. திருச்சூரில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வு இன்னும் நெருக்கமான படம் தருகிறது. பராமரித்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள், பலர் மருமகள்கள். நோயின் குறிகளை வேண்டுமென்றே செய்யும் அடமாகக் குடும்பம் பார்த்தது. உறவினர் குறைகூறுவதும் சேர்ந்துகொண்டது.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற ஊர்களில் இச்சுமைக்கு ஒரு கூலிக்கணக்கும் உண்டு. பட்டாசு, தீப்பெட்டி வேலைகள் பலவற்றில் செய்த எண்ணிக்கைக்கே கூலி. மாமியாரைத் தனியே விட முடியாத நாளில் வேலை இல்லை, வருமானமும் இல்லை. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில், வேலை குவியும் வேளையில், இழப்பு இன்னும் பெரிது.

சுமையை அளக்க 1980-இல் உருவான ஸாரிட் வினாப்பட்டியலின் 22 கேள்வி வடிவம் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் ‘பாரமாக இருக்கிறதா’ என்று கேட்டால் ‘பெத்த தாய் பாரமா?’ என்ற பதிலே நம்மூரில் முதலில் வரும். தூக்கம், சாப்பாடு, வேலைநாள் பற்றி விசாரித்தால் உண்மை வெளிப்படலாம்.

தீர்வுக்கு எப்போதும் சிறப்பு மருத்துவர் வேண்டுமென்பதில்லை. கோவாவில் 81 குடும்பங்களிடையே நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், ஒரு வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் வீடுதேடிச் சென்று நோயை விளக்கி, வழிகாட்டினர். பராமரிப்பாளரின் மனநலம் மேம்பட்டது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். நோயாளியின் சர்க்கரையைப் பார்க்கும் அதே வருகையில், அருகில் நிற்கும் மருமகளையும் விசாரிப்பது கடினமன்று. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் இலவச மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் பகலிலும் இரவிலும் தமிழிலேயே அணுகலாம். பராமரிப்பவர் தமக்காகவே அழைக்கலாம்.