விதை விழுந்த நிலம்

சித்திக்கு மார்பில் கட்டி எடுத்து ஆறு வருடம் கழித்து முதுகெலும்பில் புற்று வந்தது. "மார்ல இருந்தது எலும்புக்கு எப்படிடா போகும்?" என்று கேட்டாள். "ரத்தத்துல போயிருக்கும் சித்தி" என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. ரத்தம் எல்லா இடத்துக்கும்தானே போகிறது?

1889இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட்டைப் பிடித்து ஆட்டியதும் இதே கேள்விதான். மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை எடுத்து எண்ணினார். நுண்ணோக்கி இல்லை, எலி இல்லை. பழைய லாக் ஃபைல்களைத் தோண்டுகிற என் பிழைப்பு மாதிரிதான். கல்லீரலில் பரவியிருந்தது 241 பேருக்கு. மண்ணீரலில் 17 பேருக்கு மட்டும். மண்ணீரலுக்கும் ரத்தம் தாராளமாகவே போகிறது. எல்லாம் தற்செயல் என்றால் கணக்கு இப்படி உதைக்காது. விதை எங்கும் விழலாம், ஒத்துவரும் நிலத்தில்தான் முளைக்கும் என்று லான்செட்டில் எழுதினார். விதையை ஆராய்கிறவர்கள் தாவரவியலாளர்கள், தன்னைப் போன்றவன் வெறும் ஏரோட்டி என்றும் அதிலேயே சொல்லிக்கொள்கிறார். அப்பா ஜேம்ஸ் பேஜெட்டின் பெயரில் ஒரு மார்பக நோயே உண்டு. மகனுக்கு இந்த அடக்கம்!

1928இல் அமெரிக்க நோயியலாளர் ஜேம்ஸ் யூயிங், நிலமாவது ஒன்றாவது, ரத்தக் குழாய் கொண்டுபோய் விடும் இடத்தில் செல் சிக்கிக்கொள்கிறது என்றார். வெகுகாலம் அவர் பேச்சே எடுபட்டது. 1980இல் ஹார்ட்டும் ஃபிட்லரும் எலிகளின் தசையில் நுரையீரல், சூலகம், சிறுநீரகத் துணுக்குகளைப் பதியம் வைத்து, மெலனோமா செல்களை ரத்தத்தில் விட்டார்கள். முதல் இரண்டிலும் கட்டி வளர்ந்தது. சிறுநீரகத் துணுக்கில் இல்லை. ஏரோட்டி சொன்னது சரி.

நிலத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? 2001இல் நேச்சர் இதழில் ஒரு பதில் வந்தது. மார்பகப் புற்று செல்களின் மேல் சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பிப் புரதம் மிகுதி. அதில் வந்து பொருந்தும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதம் நிணநீர் முடிச்சு, நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜையில் மிகுதி. வெள்ளணுக்களுக்கு வழிகாட்டும் ஏற்பாடு அது. புற்று அதைத் திருடிக்கொள்கிறது. எலிகளில் அந்த ஏற்பியை ஆன்டிபாடியால் அடைத்ததும் நிணநீர் முடிச்சுக்கும் நுரையீரலுக்கும் பரவுவது குறைந்தது.

எலும்பில் கதை இன்னும் மோசம். புற்று செல் பிடிஎச்ஆர்பி என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது எலும்பைக் கரைக்கும் செல்களை உசுப்பிவிடுகிறது. கரையும் எலும்பிலிருந்து கசியும் டிஜிஎஃப்-பீட்டா திரும்பவும் புற்றுக்கே உரம். சித்திக்கு ஏற்றிய ஜோலெட்ரானிக் ஆசிட் அந்தக் கரைப்பைத் தடுக்கத்தான்.

இதைப் பயிர்க் கணக்கில் அவளிடம் சொன்னேன். இரண்டு மா நிலம் பார்த்தவள்.

"அப்ப ஊசி விதைக்கு இல்ல, மண்ணுக்கா?"

"ஆமா சித்தி."

"அதானே" என்றாள்.