பாக்டீரியல் வஜைனோசிஸ்: ஆய்வகப் பரிசோதனை

பாக்டீரியல் வஜைனோசிஸ் என்பது யோனியில் இயல்பாக வாழும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் குறைந்து, கார்ட்னெரெல்லா, மொபிலுன்கஸ் முதலியவை பெருகுவதால் உண்டாகும் நிலை. லாக்டோபேசில்லஸ் சுரக்கும் லாக்டிக் அமிலமே யோனியின் பிஎச் அளவை 4.5க்கு மேற்போகாமல் காக்கிறது. பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அறிகுறியே இராது. மற்றவர்கள் வெள்ளைப்படுதல், துர்நாற்றம் என்று மருத்துவரிடம் வருவர். பூஞ்சைத் தொற்றாலும் டிரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணியாலும் வெள்ளைப்படும் என்பதால் காரணத்தைப் பிரித்தறியப் பரிசோதனை தேவை.

யோனிச் சுவரிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கப்படும். 1983இல் வெளியான ஆம்செல் முறையில் நான்கு அளவுகோல்கள் உண்டு: ஒரே சீரான நீர்த்த வெள்ளை, 4.5க்கு மேற்பட்ட பிஎச், 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டதும் எழும் மீன் வாடை, பாக்டீரியாக்கள் விளிம்பை மறைக்கும்படி ஒட்டிய 'குளூ செல்கள்' யோனியின் எபிதீலியச் செல்களில் 20 சதவீதமேனும் இருத்தல். இவற்றில் மூன்று பொருந்தினால் நோய் உறுதி. உப்புநீரில் கலந்த ஈர ஸ்லைடை உடனே பார்க்க வேண்டும். தாமதித்தால் டிரைக்கோமோனாஸ் அசைவிழந்து கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஆய்வகங்களின் அளவுகோல் 1991இல் வெளியான நியூஜென்ட் மதிப்பெண். கிராம் சாயமிட்ட ஸ்லைடை ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, மூவகைப் பாக்டீரியாக்களின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் இடுவர். கூட்டுத்தொகை 0–3 இயல்பு, 4–6 இடைநிலை, 7–10 நோய். கார்ட்னெரெல்லா நலமான பெண்களிடமும் காணப்படுவதால், கிருமி வளர்ப்புச் சோதனை இங்கு உதவாது. பிசிஆர் போன்ற மரபணுச் சோதனைகள் துல்லியமானவை, செலவு அதிகம்.

இச்சோதனைகள் எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை. காவிரிப் படுகையை எடுத்துக்கொண்டால், அதன் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மேல்நிலையில், 1959இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி உள்ளது. அதன் மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவு இராசா மிராசுதார் அரசு மருத்துவமனையில் இயங்குகிறது. பரிசோதனை வசதியில்லாத இடங்களுக்காகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அறிகுறிவழிச் சிகிச்சையை வகுத்துள்ளது. யோனி அழற்சிக்குரிய பச்சை நிற மருந்துப் பொட்டலத்தில் செக்னிடசோலும் புளூகொனசோலும் இருக்கும். இம்முறையில் அறிகுறியற்றோர் விடுபடுவர். தேவையற்ற மருந்தும் சிலருக்குப் போய்ச் சேரும். கிராம் ஸ்லைடைக் காயவைத்து, தொலைவிலுள்ள ஆய்வகத்துக்குப் பின்னர் அனுப்பலாம் என்பதால், நுண்ணோக்கி இல்லாத சிற்றூர் நிலையங்களுக்கும் ஏற்றது நியூஜென்ட் முறையே. கருவுற்றோரிடம் பாக்டீரியல் வஜைனோசிஸ் குறைப்பிரசவ வாய்ப்பைக் கூட்டுவதால், அறிகுறி தோன்றினால் அவர்கள் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.