பட்டறையில் பழகின கை

கொட்டாஞ்சேனையில் இருந்து நடந்தே போகலாம், செட்டியார் தெருவுக்கு. நகைக்கடைகளைப் பார்த்திருப்போம், பின்னால் இருந்த பட்டறைகளைப் பார்த்திருக்கமாட்டோம். தொழில் பழக வந்த பெடியனுக்கு எடுத்த உடனே தங்கம் குடுக்கமாட்டினம். உமிச்சட்டி நெருப்பு அணையாமல் பார்க்கணும், பட்டறை கூட்டணும். கூட்டின குப்பையையும் எறியேலாது, அதுக்குள்ளே தங்கத்தூள் கிடக்கும். பிறகுதான் ஊதுகுழல், கம்பி இழுத்தல், பொடி வைத்து ஊதிப் பற்றவைத்தல். ஆசாரி அதிகம் விளக்கமாட்டார். அவர் கையைப் பார்த்தே பழகணும். சூடு கொஞ்சம் கூடினால் நகையே உருகிப்போகும்.

1983 ஜூலையில் புறக்கோட்டைத் தமிழ்க் கடைகள் எரிந்தன. முகாம்களில் இருந்த சனத்தைக் கப்பலேற்றி காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். எரிந்த கடைக்கு நட்டஈடு கேட்கலாம். பாதி பழகின கைக்கு என்ன கேட்கிறது?

வீட்டில் பழைய சங்கிலி இருந்தால் பற்றவைத்த இடத்தைத் தேடிப் பாருங்கள். நல்ல கையெண்டால் கண்ணுக்குத் தெரியாது.